இரண்டு பேர் உட்காரும் காரும் ஐந்து பேர் உள்ள வீடும்

ஆண்பிள்ளைகள் காரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் தட்டில் சோறு ஆறிப் போவதுகூடத் தெரியாது. "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று நம்மை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, அவர்களே பேசி அவர்களே முடிவும் செய்துவிடுவார்கள். ஆனால் மாதாமாதம் தவணை கட்டும்போது துண்டு விழுவது எங்கே? மளிகைக் கணக்கிலும் குழந்தையின் பால் கணக்கிலும்தானே! அதனால் கார் விஷயத்திலும் நாம் கொஞ்சம் தலையிட்டால் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கட்டுரை ஸ்போர்ட்ஸ் கூபேயைப் பற்றியது. "ஐயோ, அது பணக்காரர்கள் சமாசாரம் ஆயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விலையும் எடையும் குறைந்த கூபே ஒன்று வரப் போகிறது என்ற பேச்சு நம் நாட்டில் சில வருஷங்களுக்கு ஒரு தடவை கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் எங்கோ ஒரு நடுத்தரக் குடும்பத்தில், சேர்த்து வைத்த பணத்தைப் பார்த்து ஒருவருக்கு ஆசை வந்துவிடும். 2017-ல் அப்படி ஆசை வந்த வீடு ஒன்று சடையங்குப்பத்தில் இருக்கிறது.

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர் அது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. என் அக்கா மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கார் யார்டில் சூபர்வைசர் வேலை. எண்ணூர் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து 2010-லேயே நிஸ்ஸான் மைக்ரா கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இந்தக் கார்களை யாரும் கிரேன் வைத்துத் தூக்குவதில்லை. சாய்வுப் பாலம் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். பகலெல்லாம் பளபளவென்று புதுக் கார்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து வீட்டுக்கு வருகிற மனிதருக்கு ஆசை வராமல் இருக்குமா?

அந்த வருஷம் மார்ச் மாதம் ஸ்விட்ஸர்லாந்தில் ஜெனீவா கார் கண்காட்சியில் டாடா கம்பெனி 'டாமோ ரேசிமோ' என்ற காரைத் திரை விலக்கிக் காட்டியது. இந்தியக் கம்பெனி செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கூபே! படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இரண்டு நாள் கழித்து என் அக்கா மகளிடமிருந்து போன்.

"சித்தி, உங்க மாப்ள போன்ல ஒரு கார் படத்த வெச்சிக்கினு சாமி படம் மாதிரி பாத்துக்கினு இருக்காரு. ரெண்டே சீட்டு சித்தி! எனக்கு ஏழாம் மாசம் நடக்குது. அத்தை, மாமா, நாங்க ரெண்டு பேரு, வர்றது ஒண்ணு. இதுல யாரு ஏறுறது, யாரு வீட்ல இருக்குறது?"

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் சீட்டுப் பணமும் பாங்கில் போட்டு வைத்ததுமாக அவர்கள் கையில் இருந்தது ஐந்து லட்சம். பிரசவச் செலவும் அதற்குள்தான். அவள் குரலில் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது.

எடை குறைந்தால் என்ன லாபம்?

முதலில் மாப்பிள்ளையின் கட்சியைக் கேட்போம். நியாயமாகக் கேட்க வேண்டும் இல்லையா? கூபே என்பது பிரெஞ்சு வார்த்தை. 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இருக்கை கொண்ட பெரிய வண்டியில் ஒரு வரிசையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் செய்த சின்ன வண்டிக்கு அந்தப் பெயர். பிறகு இரண்டு கதவும் பின்பக்கம் சரிந்த கூரையும் உள்ள காருக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

எடை விஷயம் நமக்குத் தெரியாததல்ல. இடுப்பில் நிறைகுடத்தோடு சட்டென்று திரும்பிப் பாருங்கள். குடம் நம்மை ஒரு பக்கமாக இழுக்கும். நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. காலிக் குடம் என்றால் ஓடலாம், வளையலாம், நிற்கலாம். காரும் அப்படித்தான். எடை குறைந்தால் சின்ன எஞ்சினே போதும், பெட்ரோல் குறைவு, பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும். 1989-ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரைக் கொண்டு வந்தபோது அதன் எடை ஏறக்குறைய 950 கிலோதான். பெரிய எஞ்சின் இல்லை, விலையும் யானை விலை இல்லை. உலகம் முழுக்க ஆசையாக வாங்கினார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக ஏன் இருக்கிறது என்றும் கேட்கலாம். கொலுவில் வைக்கிற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறதே, அடியில் கனம் இருப்பதால்தானே! கனம் தாழ்ந்திருந்தால் வளைவில் வண்டி சாயாது.

ரேசிமோவின் எஞ்சின் 1.2 லிட்டர்தான். அதே கம்பெனியின் டியாகோ என்ற குடும்பக் காரிலும் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உண்டு. அதன் சக்தி 85 குதிரை. ரேசிமோவுக்கு 190 குதிரை என்றார்கள். அது எப்படி? டர்போ என்கிற சாதனம். விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதினால் அதே விறகு திகுதிகுவென்று எரியுமே, அதே வித்தைதான். எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகையே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி, உள்ளே காற்றை அழுத்தி ஊதிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடிக்குள் தொட்டுவிடும் என்றது கம்பெனி.

"அத்தை, எடை கம்மி, வேகம் ஜாஸ்தி, நம்ம நாட்டு கம்பெனி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மாப்பிள்ளை. ஒன்றும் வேண்டாம்தான். படத்தில் பார்த்தபோது எனக்கும் பிடித்தே இருந்தது! கதவு பக்கவாட்டில் திறக்காமல் வண்டின் சிறகு மாதிரி மேலே எழும்பும். அழகு என்றால் அழகு.

ஹெரால்டுக்கு வந்த இன்னும் இரண்டு கதவுகள்

ஆனால் இரண்டு கதவு என்றதும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் கதை. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட். முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி திறந்து கவிழும். சின்ன எஞ்சின், அழகான உடம்பு, ஆனால் இரண்டே கதவு. இங்கிலாந்தில் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. நம் ஊரிலோ பட்டுப்புடவை கட்டிய மாமியாரை முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்றுவது என்றால் லேசான காரியமா? மடியில் குழந்தையோடு குனிந்து நுழைவது எப்படி? கடைசியில் 1960-களின் முடிவில் சென்னைத் தொழிற்சாலையிலேயே நாலு கதவு ஹெரால்டைச் செய்துவிட்டார்கள். ட்ரையம்ப் கம்பெனியின் சொந்த நாட்டிலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்ட் நம் ஊரில் ஓடியது. நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் சொன்னதை எஞ்சினீயர்கள் கேட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணூருக்கும் கார் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கேதான் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் என்று திரும்பிவிட்டது. வேகத்துக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுதளத்தில், வருஷா வருஷம் கார் பந்தயம் நடக்கும். ஊரே திரண்டு போகும். இப்போது பந்தயமெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா வாலிபத்தில் சைக்கிளில் சோழவரம் போய்ப் பந்தயம் பார்த்தவராம். ஆசை எந்த வழியாக வந்தது என்று தெரிகிறதல்லவா!

கைக்குழந்தையை எங்கே வைப்பது?

இளம் தாய்மார்கள் கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இது.

கைக்குழந்தையைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். அது ஆபத்து. வண்டி சட்டென்று மோதி நின்றால், எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தாலும் குழந்தை கையை விட்டுப் பறந்துவிடும். குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும். அதுவும் சின்னக் குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, பின் சீட்டில் இருக்க வேண்டும். குழந்தையின் தலை பெரியது, கழுத்து இளசு. மோதும்போது தலை முன்னால் வீசி எறியப்படாமல் இருக்கையின் முதுகு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இரண்டு இருக்கைக் கூபேயில் பின் சீட்டுக்கு எங்கே போவது? இருப்பது முன் சீட்டு ஒன்றுதான். அதன் எதிரே ஏர்பேக் என்கிற காற்றுப்பை. பெரியவர்களின் உயிரைக் காப்பாற்றும் அதே பைதான் பின்நோக்கி உட்கார்ந்த குழந்தைக்கு எமன். கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரிந்து குழந்தை இருக்கையின் முதுகில் அறையும். ஆகவே அந்தப் பக்கத்துக் காற்றுப்பையை அணைத்து வைக்க சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த சீட்டில் கைக்குழந்தையை வைக்கவே கூடாது. சுவிட்ச் இருந்து அணைத்தாலும், குழந்தை ஒரு சீட், அப்பா ஒரு சீட். தடுப்பூசி போடப் போகும் நாளில் அம்மா என்ன, பின்னாலேயே ஆட்டோவில் வருவதா?

கர்ப்பிணிகளுக்கு வேறு கஷ்டம். ஸ்போர்ட்ஸ் கார் இருக்கை ஏறக்குறைய பாயில் உட்கார்வது மாதிரி. ஏழாம் மாதத்தில் பாயிலிருந்து எழுந்திருக்க எத்தனை பேர் கை கொடுக்க வேண்டும்? சிசேரியன் ஆனவர்களுக்கு வயிற்றுத் தசையில் அழுத்தம் கொடுத்து எழுவது முதல் சில வாரங்களுக்கு ஆகவே ஆகாது. வளைவில் சாயாமல் இருக்க இந்தக் கார்களின் ஸ்பிரிங்கை வேறு விறைப்பாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து கேட்கும்.

எந்தக் காரானாலும் ஒன்று செய்யுங்கள். கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது. வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

லாரிச் சக்கரமும் ஆற்று வெள்ளமும்

ரேசிமோவின் உயரம் 1,208 மில்லிமீட்டர், அதாவது நாலு அடிக்கும் ஒரு மயிரிழை குறைவு. ஆறேழு வயதுப் பிள்ளை எழுந்து நின்றால் அவ்வளவுதான் இருக்கும். மணலி - எண்ணூர் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. இரவும் பகலும் கன்டெய்னர் டிரெய்லர்கள். அவற்றின் சக்கரமே ஒரு மீட்டர் உயரம். மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பக்கத்தில் ஒட்டி வரும் தாழ்ந்த கார் கண்ணில் படுவதே கடினம். "அந்த ரோட்ல அது போனா எலி போற மாதிரி இருக்கும் சித்தி" என்றாள் அவள். சரியான உவமை!

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சடையங்குப்பம் பட்ட பாடு அப்போது யாருக்கும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஏறியது. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி ஸ்போர்ட்ஸ் காரில் சாண் அளவுகூட இருக்காது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே யோசிக்க வேண்டும். வேகத்தடையில் அடி உரசும். வெள்ளத்தில் நின்ற எந்தக் காரையும் "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே கம்பி வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக அதற்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் பிரிவு ஒன்று உண்டு. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு

ரேசிமோவுக்கு 25 லட்சம் ஆகலாம் என்று பேச்சு அடிபட்டது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால் அது மலிவுதான். சூபர்வைசர் சம்பளத்துக்கு முன்னால்? கையில் இருக்கும் ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு மீதி 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை சுமார் 32,200 ரூபாய். முடியும்போது கட்டியிருப்பது 27 லட்சம். அதாவது பிறக்கப் போகும் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போகும் வரை இந்தத் தவணை. அதே வட்டியில் ஐந்து லட்சம் கடன் என்றால் மாதம் 8,000 சொச்சம்தான். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். சண்டை வேண்டாம், காகிதம் மட்டும் போதும் என்றேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். இரண்டு நாள் பேசவில்லையாம்.

என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கார் வரவே இல்லை! 2018-ல் தில்லிக்குப் பக்கத்தில் நொய்டா கண்காட்சியில் மறுபடி தலை காட்டியது. அதோடு சரி. அதற்குப் பதில் அதே வருஷம் அக்டோபரில் டாடாவும் கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாகச் செய்த டியாகோ ஜேடிபி வந்தது. ஐந்து பேர் உட்காரலாம், டர்போ எஞ்சின், 114 குதிரை, விலை 6,39,000. என்னைக் கேட்டால் இதுதான் புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் அதுவும் இரண்டு வருஷத்தைத் தாண்டி நிலைக்கவில்லை. அதற்கும் முன்னால் 1998-ல் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைக் கார் சாலைக்கு வந்தது உண்மை. தெருவில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நன்றாக விற்காத காரை வாங்கினால் பிறகு ஒரு கண்ணாடி, ஒரு கைப்பிடி கிடைக்கவும் அலைய வேண்டும்.

மாப்பிள்ளை 2019-ல் பழைய நாலு கதவுக் கார் ஒன்றை வாங்கினார். போனில் படம் இன்னும் இருக்கிறதாம். இருக்கட்டுமே!

வரிக் கணக்கு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேற்பட்டவைக்கு 40. ரேசிமோவின் நீளம் 3,835 மில்லிமீட்டர். இன்று வந்தால் சின்ன கார் கணக்கிலேயே சேர்ந்துவிடும்! அதனால் இந்த மாதிரிக் கார் இனி வராது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தால், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட வீட்டில், இரண்டாவது காராக ஒன்று வாங்கி ஐம்பது வயதுத் தம்பதி மகாபலிபுரம் போய் வரட்டுமே. ஸ்டியரிங் பக்கம் மனைவி உட்காரட்டும். நம் சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயமே ஓட்டியிருக்கிறாரே!

உங்கள் வீட்டிலும் பேச்சு கிளம்பினால், கார் ஷோரூமுக்கு வரும் வரை எதையும் தீர்மானிக்காதீர்கள். வந்த பிறகு மாமியாரையும் குழந்தை இருக்கையையும் கையோடு கொண்டு போங்கள். மாமியார் யார் கையையும் பிடிக்காமல் இரண்டு தடவை ஏறி இறங்கட்டும். குழந்தை இருக்கை பின்னால் பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். முடிந்தால் உங்கள் தெரு வழியாகவே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஷோரூம் வாசல் ரோடு எப்போதும் வழவழவென்றுதான் இருக்கும். வராத காருக்கு முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால், கேட்கும்போது முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கி, அந்த ரசீதை நீங்களே பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.